மூலைக்கு மூலை

திரையை மூலைக்கு மூலை அளந்துதான் விற்கிறார்கள்.
யாரும் மூலைக்கு மூலை பார்ப்பதில்லை.
ரெய்ன் இடமிருந்து வலமாக மரக்கணக்கு வாசிக்கிறான்.
நான் நடுவில் ஒரு புள்ளியை முறைத்தபடி
ஓரத்தில் எது அசையும் என்று காத்திருக்கிறேன்.
ஆனாலும் கடையில் கேட்டது ஒரே கேள்வி:
எத்தனை அங்குலம்?

தார்த்து நகரம், அன்னெலின், எட்டாவது மாடி.
எங்கள் இருவருக்கும் ஒரே மேசை.
முன்பு அது கதவாக இருந்தது.
பூட்டு இருந்த ஓட்டை வழியாக இப்போது ஒயர்கள் இறங்குகின்றன.
சுவரிலிருந்து விளிம்புவரை அறுபது சென்டிமீட்டர்,
அதற்கு மேல் கட்டில்.
பகலில் மேசை அவனுடையது: அறுவை ஆலையின் கணக்கு வழக்கு.
ஒன்பது மணிக்கு மேல் என்னுடையது.
பேருந்தைப் பணிமனையில் விட்டுவிட்டு வந்து
துப்பாக்கி எடுப்பேன்.

பழைய மானிட்டரில் பிப்ரவரி முதல் ஒரு பச்சைக் கோடு.
அவனுக்கு அது ஒரு பத்தியை மறைத்தது.
எனக்கு ஓர் ஆளை.
அந்த ஆள் என்னைச் சுட்டான்.

கடைப் பையன் ஓலேவ் சொன்னான்,
"பெரிசாக வாங்கி வருந்தியவர் யாருமில்லை."
அங்கே நாலு தப்படி தள்ளி நின்றோம்.
நாலு தப்படிக்கு அப்பால்
முப்பத்திரண்டும் சாதுவாகத்தான் இருந்தது.
நீலமலை, நீலக்கடல், ஒரு கிளி.
கிளியை வைத்து யார் கணக்குப் போடுவது?

சலவை இயந்திரம் வந்த அட்டைப்பெட்டியை
ரெய்ன் மூன்றாக அறுத்தான்.
இருபத்துநான்கு. இருபத்தேழு. முப்பத்திரண்டு.
பென்சிலால் பத்திகள் வரைந்தான்: நீளம், கனம், யூரோ.
நான் ஒவ்வொன்றின் வலது ஓரத்திலும்
எறும்பளவு ஓர் எதிரியை வரைந்தேன்.
ஒரு வாரம்
அட்டைக்கு முன் உட்கார்ந்து
இல்லாத எலியை நகர்த்தினோம்.
பார்த்தவர்கள் மருத்துவரைக் கூப்பிட்டிருப்பார்கள்.

முப்பத்திரண்டுக்கு முன் என் கழுத்து திரும்பியது.
எறும்பைப் பார்த்தால் நடுப்புள்ளி போயிற்று.
இருபத்துநான்கில் எல்லாம் ஒரே பார்வைக்குள்.
இது போதும் என்றேன்.
"இது ஜன்னலா, சாவித்துவாரமா?" என்றான்.

வாக்குவாதம் ரொட்டி ஆறும்வரை நடந்தது.
புள்ளிகள் எத்தனை, கண்ணுக்குத் தூரம் எத்தனை,
பெரிய திரையில் புள்ளி குறைந்தால்
எழுத்தின் ஓரம் பிசிறடிக்கும்,
அதெல்லாம் இருவருக்கும் தெரியும்.
அதற்கு நடுவில்தான் அவன் சொன்னான்:
"மரீஸ், நேற்று நான் வீட்டைவிட்டு இறங்கவில்லை.
முந்தாநாளும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது.
எட்டு மணி நேரம் நான்
என்னைவிட அகலமான கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறேன்.
ஊர் முழுவதும் அதில் வருகிறது:
ஆற்றுப் பாலம், பனி, சக்கர நாற்காலி,
சைகை காட்டாமல் திரும்பும் கார்,
பக்கக் கண்ணாடியில் ஓடிவரும் ஒரு பையன்.
அத்தனை ஓரங்களையும் காத்துவிட்டு வருகிறவளுக்கு
ராத்திரியில் சின்னதாக ஓர் உலகம் போதும்.
அவனுக்கோ
மூன்றரை மணிக்கே இருட்டிவிடும் சுவர்,
பதினாலு அங்குல மடிக்கணினி,
வேறு யாரோ வெட்டும் மரம்.

இருபத்தேழு வாங்கினோம்.
நியாயமான அளவு என்று ஓலேவ் பில் போட்டான்,
அவன் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம்.
ரெய்ன் இன்னும் பத்திகளைச் சுருக்கி வைக்கிறான்.
நான் இன்னும் நாற்காலியை
கட்டில் இடிக்கும்வரை பின்னுக்குத் தள்ளுகிறேன்.
சனிக்கிழமைகளில் அவன் ஆறாம் எண் பேருந்தில்
முதல் இருக்கையில் ஏறி உட்கார்ந்து
கடைசி நிறுத்தம்வரை வருகிறான்.
டிக்கெட் எடுத்துத்தான்.

முப்பத்திரண்டு அட்டை வாசலில் கிடக்கிறது,
காலணிப் பனி அதன்மேல் உருகி
யூரோ பத்தி கலங்கிவிட்டது.
இருபத்துநான்கைச் சமையலறை ஜன்னல் இடுக்கில் செருகினோம்.
வலது ஓரத்தில் எறும்பு தெரிகிறது.
தேநீர் போடும்போதெல்லாம்
ஒருமுறை குறி வைத்துவிட்டு வருகிறேன்.